மூத்தவளின் விடியற்காலை

சென்ற வாரம் இந்தப் பத்தியில், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் துணித் தொட்டில்கள் வரிசையாய்த் தொங்கிய காலத்தையும், 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மறுபடியும் தனியார் நிர்வாகத்தின் கீழ் சென்றதையும், அந்தக் காம்பராக்கள் படிப்படியாகச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக உருமாறிய வரலாற்றையும் கூறி நிறுத்தியிருந்தேன். அதை வாசித்த தாய்மார் சிலர், தொட்டிலில் கிடக்கும் சிசுவைப் பற்றி இத்தனை விஸ்தாரமாக எழுதுகிற நீங்கள், வீட்டில் அந்தத் தொட்டிலை ஆட்டுகிறவளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ஆகையால் இந்த வாரம் அவளைப் பற்றியே எழுதுகிறேன். அவளுக்கு எட்டு வயதிருக்கும், மிஞ்சினால் பத்து. வீட்டில் மூத்த பெண் என்பதைத் தவிர அவளுக்கு வேறு உத்தியோகம் கிடையாது. ஆயினும் அந்த ஓர் உத்தியோகமே விடியுமுன் ஆரம்பித்து இருட்டிய பிறகும் ஓய்வதில்லை.

அவள் வாழும் குருவிட்டப் பகுதியை அறியாத வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் அவசியம். மலையகம் என்றதும் நுவரெலியாவின் குளிரையும், கண்ணுக்கெட்டிய தூரம் மட்டமாக வெட்டி விட்ட தேயிலைச் செடிகளையும் மனத்தில் கொண்டுவருவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. சப்ரகமுவத் தோட்டங்களின் இயல்பு வேறு. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் பெருந்தெருவில், இரத்தினபுரியை எட்டுவதற்குச் சற்று முன்னர் வரும் குருவிட்ட, சிவனொளிபாத மலையின் மேற்குச் சரிவில் பெய்யும் மழையைக் குரு கங்கை சுமந்துவந்து சேர்க்கின்ற வெப்பமான பூமி. இங்கே தேயிலையும் உண்டு, இறப்பரும் உண்டு. இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்றுகூட இவ்வூரில் இருக்கிறது. தேயிலை மலையில் வேலை செய்யும் தாயின் நாள் பெரட்டு எனப்படும் காலை ஆள் கணக்கெடுப்போடு தொடங்கி மாலைக் கொழுந்து நிறுவையோடு முடிகிறது. இறப்பர் மலையிலே பால் வெட்டுகிறவளுக்கோ மரந்தான் நேரத்தை நிர்ணயிக்கிறது. வெயில் ஏற ஏறப் பட்டைக்குள் பாலின் அழுத்தம் தணிந்து ஒழுக்கு மந்தமாகிவிடுமாதலால், இருள் பிரிகிற வேளையிலேயே அவள் முதல் மரத்தடியில் நிற்க வேண்டும்; ஏறத்தாழ 300 மரங்களை, உள்ளே இருக்கும் உயிர்ப்படையில் கத்தி படாதபடி மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டு, சரிவிலே ஏறியும் இறங்கியும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்; பிறகு சிரட்டைகளில் பால் நிறையும் வரை காத்திருந்து, வாளியில் சேர்த்து, மடுவத்துக்குச் சுமந்துபோய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் ஆன பின்னரே அவளுக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளத்துக்கான பதிவு, விழும்.

மரத்தின் சுபாவத்தை நான் இத்தனை தூரம் வர்ணிப்பதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள சிறு பெண் குழந்தைகளின் காலைப்பொழுது எப்படி அமைகிறதென்பதை அந்த மரத்தின் சுபாவமே தீர்மானிக்கிறது. தாய் கத்தியை எடுத்துக்கொண்டு இஸ்தோப்பை விட்டு இறங்கும்போது சிறுவர் நிலையத்தின் கதவு திறந்திருப்பதில்லை. பாடசாலை மணி அடிப்பதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. தாய்க்கும் அரசாங்கத்துக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில், 10 அடிக்கு 12 அடி லயன் காம்பராவின் உள்ளே, மூத்தவள் குடும்பத்தைப் பரிபாலனம் செய்கிறாள்.

நான் அடிக்கடி போய்வருகிற ஒரு வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது. அடுத்தவளுக்கு ஐந்து நிறைந்து பாடசாலை தொடங்கியிருக்கிறது. கடைக்குட்டி இப்போதுதான் நடை பயில்கிறது. கோதுமை மாவையும் தேங்காய்ப் பூவையும் பிசைந்து ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, தேத்தண்ணியை ஊற்றி மூடி வைத்துவிட்டுத் தாய் புறப்பட்டுவிடுவாள். அதன் பிறகு மூத்தவள் பீலிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்து, தங்கைகளின் முகத்தைத் துடைத்து, ரொட்டியைப் பிட்டுக் கொடுத்து, ஐந்து வயதுக்காரியை வாசற்படியில் இருத்தித் தான் ஒரு படி மேலே உட்கார்ந்து சடை பின்னத் தொடங்குவாள். எண்ணெய் தடவிய கூந்தலை நடு வகிடெடுத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தைப் பல்லால் கௌவிய ரிப்பனால் கட்டிவிட்டு மறுபக்கத்தைப் பிடிக்கும் அந்த லாகவத்தை வளர்ந்த பெண்களிடங்கூட நான் அதிகம் கண்டதில்லை.

"அக்கா, இறுக்காதே, வலிக்குது."

"கொஞ்சம் பொறு தங்கச்சி. லூசா போட்டா ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள அவுந்துரும்."

இதற்கிடையில் கடைக்குட்டி இறங்கி ஓடாதபடி, தன் பாதத்தால் அதன் சட்டை நுனியை மிதித்துக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் சடை முடிந்து, கடைசிக் குழந்தையை இடுப்பில் வைத்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சரிவிறங்கி அவள் பாடசாலைக்கு வந்து சேரும்போது, முதற் பாடம் பாதி கடந்திருக்கும். அவளுடைய சொந்தத் தலை பெரும்பாலும் சீவப்படாமலேயே இருக்கும். இருபது வருஷத்துக்கு மேலாக ஆசிரியையாக இருக்கும் என்னுடைய அபிப்பிராயத்தில், தாமதமாக வந்ததற்காக வகுப்பு வாசலில் ஒரு பிள்ளையை நிறுத்தி வைப்பதற்கு முன், அவள் தலையை ஒரு தரம் பார்த்துவிட்டு, பின்னால் நிற்கும் தங்கையின் தலையையும் ஒரு தரம் பார்க்க வேண்டும்.

மத்தியானத்துக்குப் பின் நிலைமை சிறிது மாறுகிறது; பால் வெட்டும் தாய்க்கும் தேயிலைத் தாய்க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிப்படுகிறது. பால் நிறுத்துக் கொடுத்தவள் பெரும்பாலும் பாடசாலை விடுகிற நேரத்தை ஒட்டி வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். அவள் கால் நீட்டி உட்கார்ந்ததும் சிறியவள் ஓடிவந்து மடியில் ஏறி, தாயின் விரலிடுக்குகளில் உறைந்து தோலோடு தோலாய்ப் படிந்திருக்கும் இறப்பர் பாலை நகத்தால் நெம்பி, நீள இழையாக உரித்தெடுக்கத் தொடங்குவாள். உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அறுபடாமல் ஓர் இழை வந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குப் பெரிய வெற்றி. உரித்ததையெல்லாம் உருட்டிப் பந்தாக்கிச் சுவரில் எறிந்து விளையாடுவாள். அந்த நேரத்தில் மூத்தவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாயின் தோளில் தலை வைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். நாளில் அவள் குழந்தையாக இருக்கக் கிடைப்பது அந்த அரை மணி நேரந்தான். தேயிலை மலைக்குப் போகிற தாயின் வீட்டில் அதுவும் இல்லை. ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டால், தாய் கூடையை இறக்கிவைக்கும் ஐந்து மணி வரை மூத்தவளே காவல்.

நான் போய்வருகிற அந்த வீட்டின் பால் வெட்டும் தாயிடம் ஒரு நாள், மூத்தவளைச் சற்று நேரத்தோடு அனுப்பக் கூடாதா என்று கேட்டபோது, அவள் கோபமில்லாமல் சொன்ன பதில் இது: "அவ இல்லாட்டி எனக்குப் பேரு விழாது டீச்சர்." இந்த வாக்கியத்தில் பொய்யே இல்லை. ஒன்பது வயதுச் சிறுமியின் உழைப்பின் மேல் தோட்டத்தின் ஒரு நாள் பால் நிற்கிறது; சம்பளப் புத்தகத்தில் அவளுக்கென்று ஒரு வரியும் கிடையாது.

சட்டம் இந்த விஷயத்தில் முற்றிலும் மௌனமாக இருந்துவிடவில்லை. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை உடைய தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்கின்றன; தொழில் கொள்வோர் பிள்ளைக் காப்பகம் வைத்திருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, வைத்திராவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி. மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு மேலும் 42 நாளாகக் குறைத்திருந்த விடுமுறையை, 2018இன் திருத்தம் எல்லாப் பிரசவத்துக்கும் சமமாக 84 நாளாக்கியது. இவை பெரும் நன்மைகள். இவற்றுக்காக வாதாடியவர்களை வணங்குகிறேன். ஆனால் இந்தப் பாதுகாப்பு அனைத்தும் கைக்குழந்தையோடு முடிவடைகிறது. சிறுவர் நிலையமும் ஐந்து வயதோடு வழியனுப்பி விடுகிறது. ஆறு வயதிலிருந்து ஒரு பெண் குழந்தை பராமரிக்கப்பட வேண்டியவள் என்ற ஸ்தானத்தை இழந்து, பராமரிக்கிறவளாகிவிடுகிறாள்.

அதிலும் இப்போது தோட்டத்து வேலை குறைந்து, பலர் 'நாடு' எனப்படும் அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ச் சிற்றுடைமைக்காரரின் தேயிலையிலும் இறப்பரிலும் கைக்காசுக்கு வேலை செய்கிறார்கள். அங்கே அன்றன்று காசு கிடைக்கிறதென்பது உண்மை. பிள்ளையை விட இடமும், பாலூட்ட இடைவேளையும் கிடைப்பதில்லை. மத்திய கிழக்குக்குப் போன தாய்மாரின் வீடுகளில் அம்மாயிதான் பெண் குழந்தைகளை வளர்க்கிறாள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உடைய தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வதை 2013இல் அரசாங்கம் தடுத்தது. பின்னர் அவ்விதி தளர்ந்தது. அந்த விதி இருந்த நாளிலும், ஆறு வயதுக் குழந்தையின் தாய் போவதற்கு அது தடையாக இருக்கவில்லை. அம்மாயியின் முழங்கால் வலிக்கும்போது தண்ணீர்க் குடம் யாருடைய இடுப்புக்கு மாறுகிறதென்று சொல்ல வேண்டியதில்லை.

மழை நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குருவிட்டவில் மழை என்பது வருஷத்தின் ஒரு பகுதியோடு நின்றுவிடுவதில்லை. பட்டை நனைந்தால் பால் சிரட்டையில் விழாமல் மரத்தோடு வழிந்து பாழாகும் என்பதனால், விடியலில் கொட்டுகிற மழை வெட்டை நிறுத்திவிடும். அன்றைக்குத் தாய் வீட்டிலிருக்கிறாள், அடுப்பருகே மூன்று பெண்களும் அவளைச் சூழ்ந்திருக்கிறார்கள், மூத்தவளின் தலையும் அன்றுதான் ஒழுங்காகச் சீவப்படுகிறது. ஆயினும் தாயின் முகத்தில் களை இல்லை, ஏனெனில் அன்றைய பேர் போய்விட்டது. மழை இன்னும் நீடித்தால் வேறொரு பயம் வந்து சேரும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் செய்த நாசத்தை மறக்காத தாய்மார், இரவெல்லாம் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு, பெண்களை வாசற்பக்கமாகப் படுக்க வைக்கிறார்கள்.

மூத்தவள் இப்படியே வளர்ந்தால் என்னவாகிறாள்? 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டத்துப் பாடசாலைகள் அந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றன. அவை அரசாங்கத்தின் கைக்கு வர எழுபதுகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1998 முதல் பதினான்கு வயது வரையிலும், 2016 முதல் பதினாறு வயது வரையிலும் கல்வி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. கட்டாயம் என்பது இடாப்பில் பெயரை வைத்திருக்க உதவும். தினமும் முதற் பாடத்தை இழக்கிறவளுக்கு அந்தப் பாடத்தைத் திருப்பிக் கொடுக்காது. கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கி, வகுப்பில் பேச வெட்கப்பட்டு, 'வீட்டு வேலைதான் எனக்கு நன்றாக வரும்' என்று அவளே நம்பத் தொடங்குகிற தருணத்தில், கொழும்பு வீட்டுக்கு ஆள் தேடும் தரகர் படியேறி வருகிறார். 2021இல் மலையகத்தின் டயகமவிலிருந்து கொழும்புக்கு வேலைக்குச் சென்று எரிகாயங்களோடு உயிர் துறந்த பதினாறு வயதுச் சிறுமிக்காக நாடே அழுதது. அழுத கண்கள் லயத்துக் காலைப்பொழுதையும் சற்றுப் பார்த்திருக்க வேண்டுமென்பது என் ஆதங்கம்.

ஏழ்மை ஒன்றையே காரணமாகச் சொல்லி இதை முடித்துவிட எனக்குச் சம்மதமில்லை. பெண்ணுக்கும் ஆணுக்கும் தோட்டத்தில் சமமான நாட்சம்பளம் என்பது 1984இல் வந்தது. அதற்குப் பின்னரும், மனைவியின் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்குகிற வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நீடித்தது. சம்பளம் வாங்க நீண்ட அந்தக் கை சீப்பை எடுக்க நீளவில்லை. பால் வெட்டும் மனைவி இருளோடு போய்விட, தேயிலை மலைக்கோ புல்வெட்டுக்கோ போகிற கணவனுக்குப் பெரட்டு வரைக்கும் வேளை இருக்கிறது. நான் சொல்லும் அந்த இடைவெளி, கணக்குப் பார்த்தால், தகப்பனுடைய ஓய்வு நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அதைச் செய்து காட்டியவரும் எங்கள் தோட்டப் பக்கத்தில் இருக்கிறார். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப் போன விரல்களால், இரண்டு பெண்களுக்கும் தினமும் அவரே இரட்டைச் சடை பின்னிவிடுகிறார். ஆரம்பத்தில் அவருடைய தாய்க்கே இது பிடிக்கவில்லை. "ஆம்பளைக்கு எதுக்குப்பா இந்த வேல?" என்றாள் அந்த அப்பாயி. "என் புள்ளைகளுக்குத்தானேம்மா செய்றேன்" என்றார் அவர். பின்னல் முதலில் கோணலாகத்தான் இருந்ததாம். இப்போது பக்கத்துக் காம்பராப் பெண் குழந்தையும் ரிப்பனை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்து நிற்கிறது. அவருடைய மூத்த மகள் என் வகுப்பில்தான் இருக்கிறாள். இடாப்புக் கூப்பிடும்போது அவள் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் என் விண்ணப்பம் இது: சம்பளத்துக்காகப் பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது, பால் வெட்டுத் தோட்டங்களில் சிறுவர் நிலையத்தை வெட்டு தொடங்குவதற்கு முன் திறப்பதையும், பாடசாலை விட்ட பிள்ளைகளைத் தாய் திரும்பும் வரை அங்கே இருத்திக் கொள்வதையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். தகப்பன்மாரே, உங்களுக்கு நான் சொல்வது இன்னும் சுலபமானது. அதற்குச் சட்டமும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம். நாளைக் காலையில் குடத்தை நீங்கள் தூக்குங்கள், சிறியவளின் தலையை நீங்கள் சீவுங்கள். மூத்தவள் மணியடிப்பதற்கு முன் பாடசாலைக்குப் போகட்டும்.