காற்றை யாரிடம் கேட்பது?

மே மாதம் பகல் ஒரு மணிக்கு மயிலாப்பூரில் எல்லாருக்கும் ஒரே கவலைதான். கடல் காற்று வந்துவிட்டதா, இல்லையா? மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுத்துவிட்டால் கடல் காற்று மூன்று மணிவரை எட்டிப் பார்க்காது. அன்றைக்கு வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிவிடும். அடையாறில் திரைச்சீலை ஆடிய பிறகுதான் தி.நகரில் ஆடும். நமக்கு அது புழுக்கம் தீர்கிற விஷயம். துறைமுகத்துக்குள் பாய் விரித்துக் காத்திருப்பவர்களுக்கோ அது வெற்றி தோல்வி.

சென்னைத் துறைமுக வளாகத்துக்குள்தான் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. 1911-ல் அதைத் தொடங்கிவைத்தவர் மெட்ராஸ் துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அடுத்த ஆண்டு அவருடைய அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த இளைஞரின் பெயர் சீனிவாச ராமானுஜன். அந்த மேதைக்குக் கைகொடுத்தவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர் என்பதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் வளர்த்த பாய்மரப் பந்தயத்தை மறந்துவிட்டோம். அந்த விளையாட்டுக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது.

கிண்டி குதிரைப் பந்தயத்தைப் பார்த்த தலைமுறைக்கு ஹேண்டிகேப் என்ற சொல் தெரியும். நன்றாக ஓடும் குதிரையின் முதுகில் கூடுதல் எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. படகுப் பந்தயத்தில் எடைக்குப் பதில் நேரம். நீளமான படகு இயல்பாகவே வேகமாகப் போகும். சின்னப் படகு எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் பின்தங்கும். அதனால் படகின் நீளம், எடை, பாயின் பரப்பு எல்லாவற்றையும் அளந்து ஒவ்வொரு படகுக்கும் ஒரு எண் கொடுக்கிறார்கள். அதுதான் ரேட்டிங். பந்தயத்தை முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை அந்த எண்ணால் பெருக்கினால் திருத்திய நேரம் கிடைக்கும். அது யாருக்குக் குறைவோ அவருக்கே கோப்பை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய படகின் எண் 1.200, சின்னப் படகின் எண் 0.950 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியது 180 நிமிடத்தில் கரை சேர்கிறது, பெருக்கினால் 216. சின்னது 220 நிமிடம் எடுக்கிறது, பெருக்கினால் 209. நாற்பது நிமிடம் கழித்து வந்த படகு ஏழு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது! ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று தொடங்கும் 628 கடல் மைல் சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் டாட்டர்சால் கோப்பை இப்படித்தான் முடிவாகிறது. முதலில் வந்த படகைத் தொலைக்காட்சிகள் சுற்றிச்சுற்றிக் காட்டும். கோப்பையோ பெரும்பாலும் பின்னால் வந்த ஒரு நடுத்தரப் படகுக்குப் போகும்.

அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அங்கேதான் சண்டை. உலகில் அதிகம் புழங்கும் முறைகளில் ஒன்று ஐ.ஆர்.சி. அதன் சூத்திரம் ரகசியம். வெளியே தெரிந்தால் வடிவமைப்பாளர்கள் அதில் ஓட்டை கண்டுபிடித்து அதற்கேற்பப் படகு கட்டிவிடுவார்கள் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். இன்னொன்று ஓ.ஆர்.சி. அதன் கணக்கு வெளிப்படையானது. காற்றின் வேகத்துக்கு ஏற்ப வேறு வேறு எண்களும் அதில் உண்டு. நான் ஓ.ஆர்.சி. கட்சி. ஒருவருடைய தோல்வியைத் தீர்மானிக்கிற கணக்கைச் சரிபார்க்கும் உரிமை தோற்றவருக்கு இருக்க வேண்டும்.

எண்ணுக்குள் அடங்காத படகுகளும் உண்டு. ஐ.ஆர்.சி. ஒற்றை உடல் படகுகளுக்கு மட்டும்தான். கேட்டமரான் என்று உலகம் சொல்லும் இரட்டை உடல் படகு அதில் சேராது. அந்தப் பெயர் நம் கரையிலிருந்து போன ‘கட்டுமரம்’. 1876-ல் நியூயார்க் பந்தயம் ஒன்றில் நத்தானியேல் ஹெர்ரெஷாஃப் என்ற அமெரிக்கர் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் படகை ஓட்டி மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளினார். விளைவு, அந்த வகைப் படகுகளுக்கு வழக்கமான பந்தயங்களின் கதவு சாத்தப்பட்டது. நம் சொல்லைத் தாங்கிய படகு, வேகமாகப் போன குற்றத்துக்காக வெளியே நின்றது.

படகின் வித்தியாசத்தைக் கணக்கு சமன் செய்துவிடலாம். காற்றை எந்தக் கணக்கு சமன் செய்யும்? சாயங்காலம் கடல் காற்று விழுகிற நேரம். பெரிய படகு அதற்குள் எல்லையைத் தொட்டுவிட்டது. சின்னப் படகு இரண்டு மைல் வெளியே, பாய் தொங்கிப்போய், அசையாமல் நிற்கிறது. ரேட்டிங் கொடுத்த சலுகை முழுவதையும் அந்த அரை மணி நேரம் தின்றுவிடும். காற்று எப்போது எழும், எப்போது விழும், கரையை ஒட்டிப் போகலாமா, விலகிப் போகலாமா என்று தெரிந்தவருக்குத்தான் கடல் வழிவிடும். நீண்ட கடல் பந்தயங்களில் இந்த அறிவுதான் எல்லாம்.

அதனால்தான் பாய்மரப் பந்தய விதிகளில் 41-வது விதி இருக்கிறது. பந்தயத்தில் இருக்கும் படகு வெளியாரிடம் உதவி பெறக் கூடாது. உயிருக்கு ஆபத்து, காயம், நோய் என்றால் பெறலாம். எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற தகவலையும் பெறலாம். வானிலைக் கணிப்பாளர் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ தன் பக்கத்தில் எல்லாருக்கும் எழுதுவதைப் படிக்கலாம், அவரையே கூப்பிட்டு “எனக்கு மட்டும் சொல்லுங்கள், இடப்பக்கம் போகட்டுமா?” என்று கேட்கக் கூடாது. புறப்பாட்டுக்கு நான்கு நிமிடம் முன்பு ஆயத்தக் கொடி ஏறியதும் இந்தத் தடை தொடங்கிவிடும். பந்தயத்துக்குப் பந்தயம் இதில் தளர்வும் உண்டு. பிரான்ஸின் ரூட் டு ரம் போட்டியில் ராட்சத மூவுடல் படகுகளுக்குக் கரையில் வானிலை வழிகாட்டி வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. தனியாக உலகைச் சுற்றும் வாண்டே குளோபில் கிடையாது.

அந்த வாண்டே குளோபின் 2020-21 பந்தயத்தில் ஓடிய கிளாரிஸ் கிரெமர் மீது பின்னாளில் ஒரு புகார் வந்தது. கரையிலிருந்த கணவரோடு பரிமாறிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளில் வழிகாட்டுதல் இருந்தது என்றார்கள். 2024 மார்ச்சில் நடுவர் குழு விசாரித்து, விதிமீறல் இல்லை என்று அவரை விடுவித்தது. நடுக்கடலிலும் செல்பேசி எடுக்கும் காலத்தில், பேச்சு எங்கே முடிகிறது, உதவி எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது எளிதல்ல.

நமக்கு நெருங்கிய உதாரணம் கேரளத்துக்காரரான கமாண்டர் அபிலாஷ் டோமி. அவர் தனியாக உலகைச் சுற்றப் போன கோல்டன் குளோப் பந்தயத்தில் ஜி.பி.எஸ். கிடையாது. செக்ஸ்டன்ட் கொண்டு சூரியனை அளந்துதான் வழி கண்டுபிடிக்க வேண்டும். வானிலைக்கு எல்லாருக்கும் பொதுவான வானொலி ஒலிபரப்புதான். 2018-ல் தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி முதுகெலும்பு நொறுங்கிக் கிடந்த அவரைத் தேடிப் பறந்தது கடற்படையின் பி-8ஐ ரக விமானம். அந்த விமானங்களுக்கு நம் அரக்கோணத்தில் தளம் உண்டு. அதே அபிலாஷ் 2022-ல் மறுபடி போனார். 16 பேர் புறப்பட்டார்கள். எங்கும் நிற்காமல் சுற்றி முடித்தவர்கள் மூவர். 2023 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் முதலிடம், அபிலாஷ் இரண்டாமிடம். வழியில் படகு மூழ்கிய சக போட்டியாளர் ஒருவரைக் காப்பாற்றத் திரும்பிய கிர்ஸ்டனுக்கு 35 மணி நேரம் ஈடாகக் கொடுத்தார்கள். கணக்கு இவ்வளவு அழகாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

காற்றை அறிவது பற்றி இவ்வளவு பேசும்போது ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களை விட்டுவிட முடியாது. ஒருநாள் விடிகாலை பெசன்ட் நகர் மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “இன்னிக்குக் காத்து எப்படிண்ணே?” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த வலைக்கண்ணை விடாமல், முகத்தை மட்டும் கிழக்கே திருப்பி, கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “மோடம் தாழ நிக்குது தம்பி. இப்ப ஒண்ணும் இல்ல. பத்து மணிக்கு மேல வந்து கேளு.” வாடை, கொண்டல், தென்றல் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்த மொழி நம்முடையது. கோடையில் வடக்கே ஓடும் நீரோட்டம் ஐப்பசி வாக்கில் தெற்கே திரும்புவதை அந்தக் குப்பம் படகின் இழுப்பிலேயே உணர்ந்திருக்கிறது. 41-வது விதி காப்பாற்ற நினைப்பது இப்படிப்பட்ட அறிவைத்தான்.

பொதுத் தகவலுக்கும் இங்கே பஞ்சமில்லை. துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில் 2002-ல் டாப்ளர் ரேடார் வைத்தார்கள். தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையும் காற்றும் எப்படி இருக்கும் என்பதை மீனவரின் செல்பேசிக்குத் தமிழிலேயே அனுப்புகிறது.

சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் பாய்மரப் போட்டியில் ஓடினார். அங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படகு; ரேட்டிங் தேவையில்லை. ஆனால் அந்தப் படகில் ஏறவே சென்னையில் எத்தனை பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது? இந்தக் கரையில் பெரிய ஹேண்டிகேப் அதுதான். கடலே இல்லாத ஹைதராபாதில் ஹுசைன் சாகர் ஏரியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாய்மரம் கற்றுத்தருகிறார்கள். கடலே இல்லாத போபாலில் பயிற்சி பெற்ற விவசாயி மகள் நேஹா தாக்கூர் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினார். மாநகராட்சியும் விளையாட்டு ஆணையமும் நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் ஒரு படகைக் கொடுக்கட்டும். நொச்சிக்குப்பத்திலிருந்து துறைமுகம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை.