துக்கம் பதினாறு நாளில் முடியுமா?



நம்ம பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் ஒரு வீட்டில் சாவு என்றால் ஊரே கூடும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லாரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். சில வீடுகளில் அது நாற்பதாம் நாள். ஆனால் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைக்கு அதற்குப் பிறகுதான் துக்கமே ஆரம்பிக்கிறது. இது நான் படித்தது மட்டும் இல்லை. எங்க அப்பா போன வருஷம் ஐப்பசியில் நெஞ்சு வலியில் இறந்துவிட்டார்.

மனசுக்குள் என்ன நடக்கிறது?

நம்ம வயசுப் பிள்ளைகள் பெரியவர்களைப் போல நாள் முழுக்க அழுவதில்லை. சாயந்திரம் கபடி ஆடுவோம், சிரிப்போம். ராத்திரி தூக்கம் வராது. அதைப் பார்த்து "அப்பன் செத்து ஒரு மாசம் ஆகல, சிரிப்பப் பாரு" என்று சொல்வது தப்பு. தாங்க முடியாததை மனசு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுக்கொள்ளும். பாடம் மண்டையில் ஏறாது. வயிறு வலிக்கும். சும்மா சும்மா கோபம் வரும். இதெல்லாம் துக்கம்தான், சோம்பேறித்தனம் இல்லை.

இன்னொன்று, 'நான்தான் காரணமோ' என்ற எண்ணம். முந்தின நாள் சைக்கிள் கேட்டு அப்பாவிடம் சண்டை போட்டேன். அதனால்தான் என்று பல நாள் நினைத்தேன். நாம் கோபப்பட்டதால் யாருக்கும் சாவு வராது.

கடலில் காணாமல் போனவர்களின் பிள்ளைகள் பாடு இன்னும் கஷ்டம். 2017 நவம்பர் 30-ல் வந்த ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. 7 வருஷம் தகவல் இல்லை என்றால்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது சட்டம். அவர்களுக்காக அரசு அதைத் தளர்த்தி உதவித்தொகை தந்தது. ஆனால் பிள்ளை மனசு, படகு சத்தம் கேட்டால் இன்னும் வாசலைத்தானே பார்க்கும்?

கூட இருப்பவர்கள்

2004 டிசம்பர் 26 சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு நாகப்பட்டினத்தில் அரசு காப்பகம் திறந்தது. அங்கே வளர்ந்த ஒரு அக்காவின் கல்யாணத்தை, சுனாமிக்குப் பிறகு அங்கே கலெக்டராக இருந்த ஜெ. இராதாகிருஷ்ணன் 2022-ல் நேரில் வந்து நடத்தி வைத்தார். 17 வருஷம் ஆகியும் அவர் அவர்களை மறக்கவில்லை. பதினாறு நாளோடு நின்றுவிடாத ஒருத்தர் போதும், பிள்ளை தேறிவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

1. என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்காதீர்கள். "வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்றாலே போதும்.

2. அவங்க அப்பா, அம்மாவைப் பற்றிப் பேச விரும்பினால் கேளுங்கள். பேச்சை மாற்றாதீர்கள்.

3. "இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பள" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வலை இழுக்கக் கிளம்பினேன். எங்க அம்மாதான், "மொதல்ல பத்தாவது முடிடா. வீட்ட நான் பாத்துக்கறேன்" என்று தடுத்தார்கள்.

4. வாரக்கணக்கில் தூக்கம், சாப்பாடு இல்லையா? சாகலாம் என்று தோன்றுகிறதா? உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். 14416 மனநல உதவி எண். இரண்டும் இலவசம்.

நான் வகுப்புக்குத் திரும்பி வந்த அன்று எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தன் மட்டும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். மத்தியானம் சத்துணவு முட்டையில் பாதியை என் தட்டில் வைத்தான். ஒன்றுமே கேட்கவில்லை. மறுநாளும் வைத்தான்.



– 9-ஆம் வகுப்பு மாணவன்