ஏழு மலையும் இரண்டு நாள் ரஜாவும்

மயிலாப்பூர்வாசிகளும் தியாகராய நகர்வாசிகளும் மலை ஏறி அறியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. திருப்பதிக்கும் பழனிக்கும் போய்வராத குடும்பம் இப்பகுதிகளில் அபூர்வம். ஆயினும் அங்கே படி ஏற இயலாதவர்களைச் சுமந்து செல்ல மோட்டார் வண்டியோ இழுவை ரயிலோ இருக்கிறது. முற்றும் காலையே நம்பி ஏறவேண்டிய மலைகள் வேறு. அவற்றுள் ஒன்று, கோயம்புத்தூருக்கு மேற்கே, பக்தர்கள் தென்கயிலை என்று போற்றும் வெள்ளியங்கிரி. ஆண்டுதோறும் சென்னையிலிருந்தும் பலர் அங்கே யாத்திரை செல்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆனால் அவர்கள் போகும் விதத்தைப் பற்றி நேயர்களிடம் சிறிது பேச விரும்புகிறோம்.

முதலில் மலையின் சுபாவத்தை அறிந்துகொள்வோம். அடிவாரம் பூண்டி என்னும் இடம். பிப்ரவரி முதல் மே வரையில்தான் வழக்கமாக வனத் துறையினர் ஏற அனுமதிக்கிறார்கள். போவதற்கு மட்டும் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். ‘இவ்வளவுதானா! அடையாற்றிலிருந்து மயிலைக்கு நடப்பதுபோல் அல்லவா?’ என்று தோன்றலாம். அங்கேதான் ஏமாந்து போகிறோம். முதல் மலை முழுவதும் செங்குத்தான கற்படிகள். வெள்ளை விநாயகர் கோயிலை எட்டுவதற்குள்ளேயே பலருக்கு மூச்சு வாங்கிவிடும். பின்னும் படிகள், பாறைகள், சுனைகள். நடுவில் சற்றுச் சமமான நடை. ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கி, அதன் குளிர்ந்த நீரில் நனைந்தபின், படியற்ற ஏழாவது மலையில் ஏற வேண்டும். உச்சியில் பாறைகளுக்கிடையே சுயம்பு லிங்கமாக ஈசன் எழுந்தருளியிருக்கிறார்.

உச்சியின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 6,000 அடி. அடிவாரமே சற்று மேட்டில் இருப்பதால், காலால் ஏறும் உயரம் சுமார் 4,000 அடி. நம் ஊர்ப் பறங்கிமலையின் உயரம் சுமார் 300 அடி. ஆகவே, பத்துப் பறங்கிமலைகளுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே இரவில் ஏறி இறங்குவதற்கு ஒப்பாகும் இது!

இத்தகைய காரியத்துக்கு நகரவாசி எப்படிப் புறப்படுகிறார்? வெள்ளிக்கிழமை மாலை வரையில் காரியாலயத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அன்றிரவு ரயிலில் அரைத் தூக்கம். சனிக்கிழமை பகலில் கோயில்களையும் கடைவீதியையும் சுற்றுகிறார். வெயிலுக்கு அஞ்சிப் பலரும் இரவிலேயே ஏறுவதால், இரண்டாம் இரவிலும் தூக்கம் இல்லை. மறுநாள் இறங்கியதும் மீண்டும் ரயில். திங்கட்கிழமை காலை அலுவல்! இரண்டு நாள் ரஜாவுக்குள் ஏழு மலையையும் அடக்கிவிட வேண்டும் என்கிற இந்த அவசரமே பெரிய அபாயம் என்பது நம் அபிப்பிராயம்.

தேகத்தின் கணக்கு வேறு. 6,000 அடி உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி வீதம் குளிரும் கூடுகிறது. தூக்கம் கெட்டு, பழக்கமில்லாத இருதயம் மணிக்கணக்காக இரட்டிப்பு வேகத்தில் உழைக்க நேர்கிறது. மறைந்திருக்கும் நோய் வெளிப்படுவது அப்போதுதான். 2024-ஆம் வருஷத்துப் பருவத்தில் இம்மலைக்குச் சென்ற பக்தர்கள் பலர் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் உயிர் துறந்தார்கள். இருதய நோயும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத் துறையினர் எச்சரிக்கிறார்கள்.

அதனால் போகவே கூடாது என்போமா? ஒருகாலும் இல்லை. மூன்று மாதம் முன்பே புறப்படுங்கள் என்கிறோம். தினந்தோறும் விடியற்காலையில் கடற்கரை மணலில் ஒரு மணி நேரம் நடையுங்கள். காரியாலயத்தில் லிப்டை மறந்துவிடுங்கள். ஞாயிறுதோறும் பறங்கிமலைப் படிகளை முதலில் இருமுறை, பிறகு ஐந்து முறை, பிறகு பத்து முறை ஏறி இறங்குங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வைத்தியரிடம் இருதயத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம். கோவை சேர்ந்ததும் ஓர் இரவு நன்றாகத் தூங்கிய பிறகே மலையில் கால் வையுங்கள். பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகமே சரியான வேகம். அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடி ஏறுவதற்கு மட்டும் அன்று. தேகத்தின் பாரம் முழுதும் முழங்காலில் விழும் இறக்கத்தில்தான் அதன் அருமை தெரியும். கம்பளியும் தண்ணீரும் மறவாதீர்கள்.

நெஞ்சில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ, இடது கையில் வலியோ கண்டால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். துணைக்கு வந்தவர்களிடம் உடனே சொல்லி உதவி கோர வேண்டும். வேண்டுதலைப் பாதியில் விடுவது அபசாரம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பூண்டி அடிவாரத்திலேயே வெள்ளியங்கிரி ஆண்டவருக்கும் மனோன்மணி அம்மைக்கும் கோயில் இருப்பதை அவர்கள் நினைவில் கொள்ளட்டும். ஏற முடியாதவர்களுக்கும் தரிசனம் தர அப்பெருமான் கீழேயே காத்திருக்கிறார்! திரும்பி வருவதில் குற்றம் ஏது?

வீட்டில் உள்ள தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கணவரோ பிள்ளையோ மலைக்குப் புறப்படும்போது, கட்டுச்சோறும் திருநீறும் கொடுத்து அனுப்புவது நம் வழக்கம். இனிமேல் அத்துடன் ஒரு கேள்வியையும் கேளுங்கள்: “எந்த ராத்திரி தூங்கப் போகிறாய்?” அதற்குச் சரியான பதில் வராவிட்டால், திங்கட்கிழமைக்கும் ரஜா எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.