இடம்பெயர்ந்தனரா, ஓடினரா? சொந்த ஊரைப் பற்றி ஆய்வேடு எழுதுவோருக்கு

சம்பூர் மக்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், கிளிவெட்டி முகாமில் இருந்த ஒரு தாய்க்கு என் வரைவில் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினேன். "2006 இல் மக்கள் இடம்பெயர்ந்தனர்" என்ற வரி வந்ததும் அவர் என்னை நிறுத்தினார். "நாங்க என்ன வீடு மாறியா போனோம் தம்பி? செல் விழுந்தது, ஓடினோம்."

ஆய்வேட்டின் நடை வெறும் அலங்காரம் அல்ல என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். இன்று திருகோணமலை வளாகத்திலும் யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் எமது பிள்ளைகள் பலர் தமது ஊர்களையே ஆய்வுப் பொருளாக எடுக்கின்றனர். அவர்களுக்காகச் சில விடயங்களை இங்கே சொல்கிறேன்.

முதலாவது, வினைச்சொல். "காணிகள் சுவீகரிக்கப்பட்டன" என்று எழுதினால் செய்தவர் மறைந்துவிடுகிறார். "மூதூர் கிழக்கையும் சம்பூரையும் அரசாங்கம் 2007 இல் வர்த்தமானி மூலம் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவித்தது" என்று எழுதுங்கள். இதில் உணர்ச்சி இல்லை. யார், எப்போது, எதன் மூலம் என்ற தகவல் மட்டுமே இருக்கிறது. ஆவணம் கையில் இருந்தால் எந்தப் பரீட்சகரும் இதைப் பக்கச்சார்பு என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது, 'நான்' என்ற சொல். "ஆய்வாளர் அவதானித்தார்" என்று எழுதுவதையே பலர் இன்னமும் விரும்புகின்றனர். உங்கள் துறையின் விதியை முதலில் கேட்டறியுங்கள். ஆனால் நீங்களும் அதே ஊரவர் என்றால், முறையியல் அத்தியாயத்தில் அதைத் திறந்து சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

மூன்றாவது, கட்டமைப்பு. அறிமுகம், இலக்கிய மீளாய்வு, முறையியல், முடிவுகள், கலந்துரையாடல் என்ற ஐந்து அத்தியாய ஒழுங்கு வினாக்கொத்து ஆய்வுக்கு நன்கு பொருந்தும். வாய்மொழிச் சாட்சியங்களை 'தொழில்', 'கல்வி', 'சுகாதாரம்' என்று வெட்டி அடுக்கும்போது காரணத் தொடர் அறுந்துவிடுகிறது. கடலுக்குப் போக முடியாததால் வருமானம் நின்றது. வருமானம் நின்றதால் பிள்ளை படிப்பை விட்டான். இது மூன்று தலைப்பு அல்ல, ஒரே கதை. அதனால் நான் முடிவுகளை இடங்களின் ஒழுங்கில் எழுதினேன்: சம்பூர், வாகரை, மட்டக்களப்பு முகாம்கள், கிளிவெட்டி. இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வலன்ரைன் டானியல், எமது நாட்டின் வன்முறை பற்றி 1996 இல் வெளியிட்ட நூலில், வன்முறையை வேடிக்கைப் பொருளாக்காமல் எப்படி எழுதுவது என்ற கேள்வியோடு போராடினார். அத்தியாயங்களைப் பிரிக்க முன்னர் நாமும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

நான்காவது, பெயர். சிறிய ஊரில் புனைபெயர் மட்டும் போதாது. தொழில், வயது, இழந்த பிள்ளையின் விபரம் மூன்றையும் சேர்த்து எழுதினால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். ஆய்வேடு நூலகத்தில் இருக்கும். யாரும் எடுத்து வாசிக்கலாம். வாதத்துக்குத் தேவையற்ற விபரங்களை நீக்குங்கள்.

ஐந்தாவது, உசாத்துணை. மேலைத்தேய முறை குடும்பப் பெயரை முன்வைக்கிறது. எமக்குக் குடும்பப் பெயர் இல்லை. முன்னால் நிற்பது தந்தையின் பெயர். ஆகவே கார்த்திகேசு சிவத்தம்பியை 'சிவத்தம்பி, கா.' என்றே பதிய வேண்டும். கணினி மென்பொருள் சிலவேளை மாற்றிப் போட்டுவிடும், கவனம்.

அந்த வரியை நான் இப்படித் திருத்தினேன்: "2006 ஏப்ரலில் அரச படைகள் நடத்திய வான், செல் தாக்குதல்களை அடுத்து மக்கள் ஊரைவிட்டு ஓடினர்." 'ஓடினர்' கல்விசார் சொல்லா என்று மேற்பார்வையாளர் கேட்டார். அந்தத் தாயின் கூற்றை அப்படியே மேற்கோளாகக் கீழே வைத்தேன். ஏற்றுக்கொண்டார்.

பரீட்சகரிடம் கையளிக்க முன்னர், உங்களுக்குக் கதை தந்தவரிடம் ஒரு பக்கமாவது வாசித்துக் காட்டுங்கள். எங்கே பிழை என்று அவர் சொல்லுவார்.