சிசிலி சாண்டர்ஸின் மருத்துவக் கல்வி

சிசிலி சாண்டர்ஸ் (22 ஜூன் 1918 – 14 ஜூலை 2005) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர். குணப்படுத்த இயலாத நோயால் இறக்கும் தறுவாயில் இருப்போரை வலியின்றிப் பராமரிக்கும் நவீன ஹாஸ்பிஸ் முறையைத் தோற்றுவித்தவராக அறியப்படுகிறார். இவர் முதலில் செவிலியராகவும், அடுத்து மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தார். மருத்துவக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தபோது இவருக்கு வயது 33. செவிலியராக இருந்துகொண்டே செய்ய முடியாத எதைச் செய்வதற்காக இவர் மருத்துவம் படித்தார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதல் இரண்டு தொழில்கள்

லண்டனுக்கு வடக்கே உள்ள பார்னெட்டில் வசதியான குடும்பத்தில் சாண்டர்ஸ் பிறந்தார். தந்தை வீடு, நிலம் விற்பனை முகவர். செவிலியராக வேண்டும் என்பது மகளின் விருப்பம். பெற்றோருக்கு அதில் உடன்பாடில்லை. எனவே 1938-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல், தத்துவம், பொருளாதாரம் ஆகிய பாடங்களைப் படிக்கச் சேர்ந்தார். மறு ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940-இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் நிறுவிய செவிலியர் பள்ளியில் சேர்ந்தார்.

1944-இல் செவிலியராகத் தகுதி பெற்றபோதிலும் அத்தொழிலில் அவரால் நீடிக்க முடியவில்லை. முதுகுத்தண்டில் இருந்த கோளாறு காரணமாக, நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் வேலை அவரது உடலுக்கு ஒத்துவரவில்லை. மீண்டும் ஆக்ஸ்போர்டுக்குச் சென்று பட்டப்படிப்பை முடித்தார். பின்னர் பயிற்சி பெற்று 1947-இல் மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். நோயாளியின் குடும்ப நிலை, பணத்தேவை, வீடு திரும்பிய பின் அவரைக் கவனிக்க ஆள் உண்டா என்பன போன்றவற்றைப் பார்ப்பது அப்பணி. மருந்து, ஊசி தொடர்பான எதிலும் அதற்குப் பங்கில்லை.

டேவிட் தாஸ்மா

அதே ஆண்டு சாண்டர்ஸ் கவனித்த நோயாளிகளுள் ஒருவர் டேவிட் தாஸ்மா. வார்சாவிலிருந்து லண்டன் வந்து சேர்ந்த போலந்து யூதர். உணவகத்தில் பரிமாறுபவராக வேலை பார்த்தவர். நாற்பது வயதில் அறுவை சிகிச்சைக்கு எட்டாத புற்றுநோய் கண்டிருந்தது. லண்டனில் அவருக்கு உறவினர் எவரும் இல்லை. சாண்டர்ஸ் அவரை அடிக்கடி சென்று பார்த்தார். கூச்சலும் கூட்டமும் மிகுந்த அறுவை சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்த அவரிடம், அவரைப் போன்றோருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டனர். அந்நோயாளிக்குத் தேவைப்பட்டவை இரண்டு: வலி குறைய வேண்டும், தாம் யார் என்பதைப் பேசித் தீர்க்க நேரம் வேண்டும்.

1948 பிப்ரவரியில் தாஸ்மா இறந்தார். சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருப்பதாகக் கூறி, 500 பவுண்டுகளை அவருக்கு விட்டுச் சென்றிருந்தார். அப்போது இல்லம் என்று ஒன்று இல்லை. நிலமும் இல்லை, திட்டமும் இல்லை. அந்தச் சன்னலைச் சுற்றிக் கட்டடம் எழுப்பத் தமக்கு 19 ஆண்டுகள் பிடித்தன என்று சாண்டர்ஸ் பிற்காலத்தில் குறிப்பிடுவது வழக்கம்.

மருத்துவப் படிப்பு தேவைப்பட்டது ஏன்

தாஸ்மாவின் மரணத்திற்குப் பின் சாண்டர்ஸ், லண்டன் பேஸ்வாட்டர் பகுதியில் இருந்த செயின்ட் லூக் இல்லத்தில் மாலை வேளைகளில் ஊதியமின்றிச் செவிலியராகப் பணிசெய்யத் தொடங்கினார். இறக்கும் தறுவாயில் இருந்த ஏழைகளுக்கான இல்லம் அது. பெரிய மருத்துவமனைகளில் காணாத ஒரு வழக்கத்தை அங்கே கண்டார்: வலி நிவாரணியான மார்ஃபின், வாய்வழியாக, கடிகாரம் பார்த்துக் குறித்த நேரத்தில் கொடுக்கப்பட்டது.

இதன் முக்கியத்துவம் விளங்க, அக்காலப் பொது வழக்கத்தை அறிய வேண்டும். மார்ஃபினுக்கு நோயாளி அடிமையாகிவிடுவார், அளவைக் கூட்டிக்கொண்டே போக நேரும் என்ற அச்சம் மருத்துவர்களிடையே பரவலாக இருந்தது. ஆகவே வலி தாங்காமல் நோயாளி கேட்டால் மட்டுமே மருந்து என்பது விதி. விளைவு நேர்மாறாக அமைந்தது. ஒரு வேளை மருந்தின் வேகம் தணிந்ததும் வலி திரும்பும், நோயாளி பொறுத்துப் பார்ப்பார், பின் கேட்பார், செவிலியர் வந்து கொடுப்பதற்குள் வலி உச்சத்தைத் தொட்டிருக்கும். உச்சத்தில் உள்ள வலியை அடக்கப் பெரிய அளவு தேவைப்படும். அது அவரை மயக்கத்தில் ஆழ்த்தும். தெளிந்ததும் அடுத்த வலியைப் பற்றிய பயம் தொடங்கிவிடும். அடிமைத்தனம் என்று மருத்துவர்கள் கருதியது பெரும்பாலும் இந்தப் பயத்தைத்தான். வலி திரும்புவதற்கு முன்பே அடுத்த வேளை மருந்தைக் கொடுத்துவிட்டால் இச்சுழற்சியே எழாது.

ஆனால் மருந்துச் சீட்டில் நேரத்தை எழுதும் அதிகாரம் செவிலியரிடம் இல்லை. இந்த இடத்தில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மார்பு அறுவை சிகிச்சை நிபுணர் நார்மன் பாரெட் முக்கியமானவராகிறார். உணவுக்குழாய் நோய் ஒன்று இன்றும் இவர் பெயராலேயே வழங்குகிறது. இவரிடம் பணியாற்றிய சாண்டர்ஸ், இறப்போரைக் கவனிக்க முழுநேரச் செவிலியராகவே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பாரெட் அதை ஏற்கவில்லை. இறக்கும் நோயாளியைக் கைவிடுபவர்கள் மருத்துவர்களே. வலியைப் பற்றி அறிய வேண்டியது இன்னும் நிறைய உள்ளது. செவிலியர் சொன்னால் மருத்துவர்கள் கேட்கமாட்டார்கள். எனவே மருத்துவம் படி என்பது அவரது அறிவுரை. படிநிலை ஒழுங்கில் இறுகிப்போன ஒரு துறையைப் பற்றி உள்ளிருந்தே ஒருவர் சொன்ன கசப்பான உண்மை அது.

மாணவப் பருவம்

1951-இல் செயின்ட் தாமஸ் மருத்துவக் கல்லூரியில் சாண்டர்ஸ் சேர்ந்தார். செவிலியராகப் பயின்ற அதே வளாகத்தில், தம்மைவிடப் பல ஆண்டுகள் இளைய மாணவர்களோடு அமர்ந்தார். ஆக்ஸ்போர்டில் அவர் கற்ற பாடங்கள் எவையும் உடற்கூறியலுக்கோ வேதியியலுக்கோ உதவக்கூடியவை அல்ல. செயின்ட் லூக் இல்லத்துப் பணியை இக்காலத்திலும் அவர் விட்டுவிடவில்லை. 1957-இல் மருத்துவராகத் தகுதி பெற்றபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

செயின்ட் ஜோசப் இல்லத்து ஆய்வு

1958-இல் செயின்ட் மேரி மருத்துவக் கல்லூரியில் வலியைப் பற்றிய ஆய்வுக்கு அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆய்வுக்களம், கிழக்கு லண்டன் ஹேக்னியில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திவந்த செயின்ட் ஜோசப் இல்லம். கன்னியரின் பராமரிப்பில் குறையில்லை. ஆனால் முறையான மருத்துவப் பதிவேடுகளோ குறித்த நேரத்தில் மருந்து கொடுக்கும் வழக்கமோ அங்கில்லை. செயின்ட் லூக்கில் கண்ட முறையைச் சாண்டர்ஸ் அங்கே கொண்டுவந்தார். இம்முறை மருந்துச் சீட்டில் எழுதியது அவர் கை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொருவரின் வலிக்கும் ஏற்ற அளவில், இயன்றவரை வாய்வழியாக மருந்து தரப்பட்டது.

நோயாளிகள் விழித்திருந்தனர், பேசினர், உண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை அவர் பதிவு செய்தார். பலரின் பேச்சை ஒலிநாடாவிலும் பதிந்தார். மருந்தின் அளவு கட்டுக்கடங்காமல் ஏறும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதை இப்பதிவுகள் காட்டின. ஒரு செவிலியர் இதையே பார்த்துச் சொல்லியிருந்தால் அது அனுபவக் கருத்தாகவே நின்றிருக்கும்.

சமூகப் பணியாளராக இருந்த காலமும் வீண்போகவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் நோயாளிகள் முதுகில் தொடங்கி, வேலைக்குப் போகமுடியாத கணவர், கரையும் சேமிப்பு, கடவுள் மீதான மனத்தாங்கல் என்று பலவற்றையும் சேர்த்தே சொன்னார்கள். உடல், மனம், குடும்பம், ஆன்மிகம் ஆகிய நான்கும் பின்னிய இந்த வேதனையை 'முழுமை வலி' என்னும் கருத்தாக 1960-களில் சாண்டர்ஸ் வகுத்தார். மருத்துவம் மட்டும் படித்த ஒருவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம்

தெற்கு லண்டன் சிடன்ஹாமில் 1967 ஜூலையில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் 54 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. பராமரிப்பு, ஆய்வு, பயிற்சி மூன்றும் ஒரே இடத்தில் நடந்ததே பழைய இல்லங்களிலிருந்து இதை வேறுபடுத்தியது. தாஸ்மாவின் நினைவான சன்னல் நுழைவாயில் பகுதியில் உள்ளது. 1969 முதல் நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று கவனிக்கும் பணியும் தொடங்கியது.

அங்கே படிக்க வந்தவர்களும் பலர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளியின் தலைவர் புளோரன்ஸ் வால்ட், 1963-இல் சாண்டர்ஸின் உரையைக் கேட்டபின் காலப்போக்கில் தம் பதவியை விட்டு விலகி, செயின்ட் கிறிஸ்டோபரில் பணிசெய்து கற்றுக்கொண்டார்; 1974-இல் அமெரிக்காவின் முதல் ஹாஸ்பிஸ் கனெக்டிகட் மாநிலத்தில் உருவாகக் காரணமானார். கனடாவின் அறுவை மருத்துவர் பால்ஃபர் மவுன்ட்டும் அங்கே வந்து கற்றவரே.

மருந்தைக் கடிகாரப்படி கொடுக்க வேண்டும் என்பது, புற்றுநோய் வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் இடம்பெற்றது. மறு ஆண்டு பிரிட்டன் நோய்த்தணிப்பு மருத்துவத்தைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. சாண்டர்ஸ் 2005-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்திலேயே, புற்றுநோயால் இறந்தார்.