ஆங்கில எண்ணுப்பெயர்களில் பதினொன்றும் பன்னிரண்டும்

ஆங்கிலத்தில் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையுள்ள எண்ணுப்பெயர்கள் பத்தைச் சுட்டும் 'டீன்' என்னும் ஈற்றைப் பெறுகின்றன. 'இலெவன்', 'ட்வெல்வ்' ஆகியன அவ்வீறு பெறாமையால், அவை பன்னிரண்டை அடியாகக் கொண்ட எண்முறையின் எச்சம் எனக் கருதப்படுவதுண்டு. சொற்பிறப்பு இக்கருத்திற்கு அரண் செய்யவில்லை.

இவற்றின் பழைய ஆங்கில வடிவங்கள் கோத்திக் மொழியின் 'ஐன்லிஃப்', 'ட்வாலிஃப்' என்பவற்றோடு இனமுடையன. இவற்றின் முற்கூறு முறையே ஒன்று, இரண்டு எனவும், பிற்கூறு எஞ்சுதல் எனவும் பொருள்படும். அதாவது, பத்தை எண்ணியபின் எஞ்சிய ஒன்று, எஞ்சிய இரண்டு என்பதே பொருளாகும். லித்துவேனிய மொழியில் இதே பொருளுடைய 'லிகா' என்னும் ஈறு பத்தொன்பது வரை தொடர்வது இதற்கு வலுச்சேர்க்கிறது.

பழைய நோர்சு மொழியில் நூற்றைக் குறிக்கும் சொல் 120ஐக் குறித்தது உண்மையே. எனினும் அஃது அளவை வழக்கைச் சார்ந்தது, சொல்லாக்கத்திற்குச் சான்றாகாது. எனவே இவ்விரு சொற்களும் பதின்ம முறையில் தோன்றியனவே எனக் கொள்ளுதல் பொருந்தும்.