பண்டாரவன்னியன்: ஒரு பெயரின் எழுத்தும் உரிமையும்

வன்னி மக்களின் வரலாற்றுணர்வில் பண்டாரவன்னியன் என்ற பெயருக்குரிய இடம் பெரிது. எனினும், ஆண்மக்களுக்கு இடும் பெயராக அது அரிதாகவே வழங்குகின்றது. காடு வெட்டி வயலும் தோட்டமும் கண்ட உழைப்பாளரின் ஊரான விசுவமடுவிலும் அது அயல்வீட்டுப் பிள்ளையின் பெயராகவன்றி, மேடையிலும் நாடகத்திலும் ஒலிக்கும் பெயராகவே அறியப்படுகின்றது. இப்பெயர் எழுதப்படும் முறைகளை நோக்குமிடத்து, எழுத்து வேறுபாட்டின் பின்னே சமூக உரிமை பற்றிய வினாவொன்று இருப்பதைக் காணலாம்.

1803ஆம் ஆண்டு முல்லைத்தீவிலிருந்த பிரித்தானியரின் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய வன்னித் தலைவனே பண்டாரவன்னியன். அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் வொன் டிறிபேக் என்னும் தளபதி அவனைத் தோற்கடித்ததாக, ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட ஆங்கிலக் கல் கூறிற்று. ஈழத்து நாடகாசிரியர் முல்லைமணி ‘பண்டாரவன்னியன்’ என எழுதினார். தமிழகத்தில் மு. கருணாநிதி தமது புதினத்துக்குப் ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ எனப் பெயரிட்டார்.

இவற்றினும் முக்கியமானது முதலெழுத்தாகிய பகரமாகும். தமிழில் ஒலிப்புடை இதழொலிக்கும் ஒலிப்பிலா இதழொலிக்கும் தனித்தனி எழுத்துகள் இல்லை. ‘பல்’ என்பதிலும் ‘பஸ்’ என்பதிலும் எழுத்து ஒன்றே; ஒலி வேறு. கண்டியரசன் கொனப்பு பண்டாரவின் பெயரையும் பண்டாரநாயக்காவின் பெயரையும் வன்னித் தலைவனின் பெயரையும் நாம் ஒரே எழுத்துகளால் தொடங்குகின்றோம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவோருக்கு அவ்வசதி இல்லை. இரண்டில் ஒன்றை அவர்கள் தேர்ந்தேயாக வேண்டும். கற்சிலைமடுக் கல் ஒலிப்பிலா எழுத்தைத் தேர்ந்தது. ஒலிப்புடை எழுத்தைத் தேர்ந்தால், அதே பெயர் சிங்களப் பிரபுக்களின் பட்டப்பெயராகத் தோன்றும்.

ஓரெழுத்தைச் சான்றாக வைத்து ஒருவனின் இனத்தை நிறுவுவதும், அதன்வழி ஒரு நிலப்பரப்பின் உரிமையை நிறுவ முயல்வதும் அறிவியல் நெறியாகா. யாழ்ப்பாண அரசன் பரராசசேகரனின் மைந்தருள் ஒருவனுக்குப் பண்டாரம் என்பது பெயர் என யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. கண்டியிலோ 1739 முதல் 1815 வரை ஆண்டவர்கள் தென்னிந்தியத் தொடர்புடைய நாயக்க வம்சத்தினர். வன்னியில் கிளர்ச்சி நிகழ்ந்த 1803இல் கண்டியும் பிரித்தானியரோடு போரில் ஈடுபட்டிருந்தது. ஆளும் குழுக்களின் பட்டங்களும் உறவுகளும் இன்றைய இன எல்லைகளுக்குள் அடங்கியிருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

தமிழில் பண்டாரம் என்பதற்குக் களஞ்சியம் என்ற பொருளும் உண்டு. களஞ்சியத்தை நிரப்பியவர் யார் என்ற வினாவை இனவாத வாசிப்பு எழுப்புவதில்லை. போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் வன்னித் தலைவர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். அவற்றைக் காட்டிற் பிடித்தவர்கள் பெயரற்ற குடிகள். கற்சிலைமடுக் கல்லும் வென்றவன், தோற்றவன் ஆகிய இரு தலைவர்களையே பெயர்சுட்டிற்று.

இதனால் பண்டாரவன்னியனின் எதிர்ப்பு சிறுமையுறாது. அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்ற நிலவுடைமைத் தலைவன் என்ற வகையில் அவனது வரலாற்றுப் பங்கு முற்போக்கானதே. அதேவேளை, அவனது அதிகாரம் குடிகளின் உழைப்பின்மீது நின்றது என்பதும் உண்மையே. பெயரைத் தமிழர் தமக்கு வழங்கும் ஒலியிலேயே பிறமொழிகளிலும் எழுதவேண்டும் எனக் கோருவது நியாயமான மொழியுரிமையாகும். ஆயின் வன்னி மண்ணின்மீதான உரிமைக்குப் பகரத்தின் ஒலியை ஆதாரமாக்க வேண்டியதில்லை. அம்மண்ணைத் திருத்தி அதில் வாழ்ந்துவரும் மக்களின் உழைப்பே அதற்குப் போதிய ஆதாரமாகும்.